எட்டாத சிவப்பு வார்

குட்டைக் கையாம். கை குட்டையா, அந்தக் கம்பைச் செய்தவனுடைய யோசனை குட்டையா என்று முதலில் யாராவது தீர்த்துச் சொல்லட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சாமான் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே பிரகாசிக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே ஈர ரப்பர் வாடை, காயாத கயிற்றின் புழுக்கம், காலடியில் நறநறவென்று மணல். சுவரோரம் பாயைச் சுருட்டி அடுக்கின மாதிரி பட்டங்கள். ஆணிகளில் இடுப்புப் பட்டைகள். குறுக்குக் கம்பியில் வரிசையாகத் தொங்குகிற கைக்கம்புகள். சொல்லிக்கொடுக்கிற நிரஞ்சன் சார் அதை ‘பார்’ என்பார், இவள் வாய்க்கு அது கம்புதான். வெளியே மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று இன்னும் முழுசாய் எழும்பவில்லை, கீற்றைச் சும்மா தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எழும்பினதும் கூப்பிடுவார்கள். அதற்குள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்து நிற்கணுமாம். “எது உனக்கு கம்ஃபர்டபிளோ எடுத்துக்கோ பிரகாசி, உன் சாய்ஸ்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சாய்ஸ்! ஆறடி ஆம்பளைக்குத் தைத்த சட்டையைப் பத்து நிறத்தில் மாட்டி வைத்துவிட்டு, எந்த நிறம் பிடிக்குதோ எடுத்துக்கோ என்றால் அதற்குப் பேர் சாய்ஸா? நீலக் கம்பு எட்டவில்லையா, பச்சைக் கம்பு எட்டாது. பச்சை எட்டவில்லையா, கறுப்பும் எட்டாது. நன்றாக எடுத்துக்கொள் பிரகாசி, மகாராணி மாதிரி எடுத்துக்கொள்.

பட்டம் என்றால் பிள்ளைகள் வாலை ஒட்டி விடுகிற பட்டம் இல்லை. வள்ளத்துப் பாய் அளவுக்கு விரியும். வயிற்றில் கொக்கி வைத்த பட்டையைக் கட்டி, அந்தக் கொக்கியில் பட்டத்தின் கயிற்றை மாட்டி, காலைப் பலகையில் செருகிக்கொண்டு கடல் மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு. இதைக் கற்றுக்கொள்ளவென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் இந்தக் கரைக்கு வருகிறார்கள். பிரகாசி அவர்களுக்குப் பட்டம் தூக்கிக் கொடுக்க வந்தவள், கயிற்றில் சிக்கெடுக்க வந்தவள், சாயங்காலம் நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் அலசிப் போட வந்தவள். பார்த்துப் பார்த்து அவளே பழகிவிட்டாள். இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான பரீட்சை. கோவாவிலிருந்து அதற்கென்றே ஒரு அம்மா வந்திருக்கிறாள், முடியைக் கட்டையாய் வெட்டிக்கொண்டு, வெயிலில் வெந்த முகத்தோடு. தேறினால் பிரகாசி நாளையிலிருந்து தண்ணீருக்குள் நின்று சொல்லிக்கொடுப்பாள், டீச்சர். தேறாவிட்டால் அடுத்த வருசக் கச்சானுக்குத்தான் அந்த அம்மா திரும்ப வருவாள், அதற்குள் வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள். “இந்த ஒரு தடவைதான், பாத்துக்க” என்று மாமியார் சொல்லியாகிவிட்டது. மாமி சொன்னால் கோயில் மணி அடித்த மாதிரி. “பிள்ளைக்காரிக்கு வானத்துல என்னடி சோலி?” “வானத்துலயா போறேன் மாமி, தண்ணியிலதான போறேன்.” “தண்ணிக்குப் போறவ வலையைப் பிடிச்சிக்கிட்டுப் போவா. நீ மேகத்தைப் பிடிச்சிக்கிட்டுல்ல போற.” அதற்கு இவள் விழுந்து விழுந்து சிரித்தாள், மாமியும் சிரித்துவிட்டது. சிரிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை பிரகாசியிடம். ஊரே சொல்லும், எழவு வீட்டில்கூட இவளைப் பக்கத்தில் உட்கார வைக்காதே, சிரிக்க வைத்துவிடுவாள் என்று. இன்றைக்கு மட்டும் எங்கே போய்த் தொலைந்தது அந்தச் சிரிப்பு? தாடை இறுகிப்போய்ப் பல்லுக்குப் பல் வலிக்கிறது.

கறுப்புக் கம்பை எடுத்தாள். இதுதான் போன மாதம் இவளை இழுத்துக்கொண்டு போனது. கம்பைத் தன் பக்கம் இழுத்தால் பட்டத்துக்கு விசை ஏறும், எதிர்ப்பக்கம் தள்ளினால் விசை குறையும், இவ்வளவுதான் சங்கதி. தள்ளியும் குறையவில்லை என்றால் கம்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு வார் தொங்கும், அதைப் பிடித்து இழுத்தால் பட்டம் சாதுவாகிவிடும். எல்லாருக்கும் சாதுவாகும். நிரஞ்சன் சார் தூக்கத்தில் கொசு அடிக்கிற மாதிரி ஒரு கையை நீட்டி வாரை இழுப்பார். பிரகாசிக்கோ கம்பு அந்தக் கடைசிக்குப் போனால் விரல் நுனிதான் ஒட்டியிருக்கும், வார் அதற்கும் அப்பால், அக்கரைச் சீமையில். அன்றைக்குத் திடீரென்று காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கம்பைத் தள்ளினாள். போதவில்லை. வாருக்கு எக்கினாள், கம்பு விரலை விட்டு நழுவி ஓடிவிட்டது. எட்டிப் பிடித்ததில் ஒரு முனை மட்டும் கைக்கு வந்தது, ஒரு முனையைப் பிடித்தால் பட்டம் அந்தப் பக்கமாகத் தலைகுப்புறப் பாயும் என்பது தெரிந்துதான் இருந்தது, ஆனால் கை கேட்கிறதா? பாய்ந்தது. இவளைச் சிப்பிப் பாறை மேல் தேய்த்துக்கொண்டு போய், கடைசியில் இவளே கொக்கிக்கு மேலே இருக்கிற பாதுகாப்புப் பிடியை உருவிவிட்டதால் பட்டம் செத்து விழுந்தது. முழங்கால் இரண்டும் தேங்காய்த் துருவல். கரைக்கு வந்தால் நிரஞ்சன் சார் என்ன சொன்னார்? அடிபட்டதா என்று கேட்டார், மருந்து போட்டார், அதெல்லாம் குறை சொல்லக் கூடாது. அப்புறம் மெதுவாக, பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார், “பயம் பிரகாசி. உன் பாடி முன்னாடி போகல. பயந்தா கை உள்ள வந்துடும்.” பயமாம். ஆறு மாதப் பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டு முங்கிப் பாசி பறித்தவளுக்குப் பயமாம். கை உள்ளே வரவில்லை சார், கை முடிந்துபோய்விட்டது. அதற்கு மேல் கை இல்லை. அன்றைக்கு இதைச் சொல்லாமல் விட்டதுதான் இன்றைக்கும் தொண்டையில் கருவாட்டு முள்ளாய்க் குத்துகிறது.

பாசிக்குப் போகையில் இந்தத் தொந்தரவு உண்டா? கடலுக்குள் பாறையில் முளைக்கிற பாசியை மூச்சடக்கிப் பறிக்கிற வேலை அது. போகிற ஒவ்வொருத்தியும் தன் உடம்புக்குத் தானே வெட்டிக் கட்டிக்கொள்வாள். விரலுக்குப் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றுவாள், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சுற்று, பாறை கிழிக்காமல் இருக்க. புருசன் சட்டையை இடுப்பில் இழுத்து முடிவாள். கண்ணாடி வார் பெரிசா, ஒரு முடிச்சு. காலுக்குக் கட்டுகிற தகடு பெரிசா, ஒரு வெட்டு. எதுவும் எட்டவில்லை என்று யாரும் அழுததில்லை, எட்டுகிற வரைக்கும் முடிச்சுப் போட்டார்கள். அந்தக் கையல்லவா இது? இன்றைக்கு விடிந்ததும், யாரும் வருவதற்கு முந்தி, பிரகாசி கொட்டகைக்கு வந்து இந்தக் கறுப்புக் கம்பை மடியில் போட்டுக்கொண்டு, கம்பு வழுக்கி ஓடுகிற நடுக்கயிற்றை இரண்டாய் மடித்து, கூடவே ஓடுகிற மெல்லிசுக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்து, தங்கூசி என்கிற தூண்டில் நரம்பால் நெருக்க நெருக்கச் சுற்றி, வலை கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். நடுக்கயிறு ஒரு சாண் குறைந்தது. சிவப்பு வார் ஒரு சாண் கிட்டே வந்தது. ஆகா, வந்தாயா வழிக்கு என்று அதை ஒரு தட்டுத் தட்டினாள். இதோ இருக்கிறது, பார்க்கவே லட்சணமாக, கோழி முட்டை அளவுக்குக் கெட்டியான முடிச்சு. இதைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். யாரும் கேட்டால், என் சாய்ஸ் சார், நீங்கதானே சொன்னீங்க என்று சொல்லப் போகிறாள்.

கொட்டகை மூலையில், உயரத்தில், அந்த மஞ்சள் கம்பு. அதைப் பார்க்கக் கூடாது என்று உள்ளே வரும்போதே முடிவு செய்திருந்தாள், அதனாலேயே கண் அங்கே போய்ப் போய் வருகிறது, பல் விழுந்த இடத்துக்கு நாக்குப் போகிற மாதிரி. பிள்ளைகளுக்கான கம்பு. பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான இடுப்புப் பட்டை, அதில் ஒரு ஆமைப் படம் வேறு. போன வாரம் அத்தனை பேர் நிற்கும்போது நிரஞ்சன் சார் அந்த மஞ்சளைக் கழற்றி இவள் முன்னால் ஆட்டி, “பிரகாசி, உன் கைக்கு இந்தக் குட்டி பார்தான் லாயக்கு, ஒரு சாக்லேட்டும் ஃப்ரீ” என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அது இன்னும் மோசம். பிரகாசியும் சிரித்தாள், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பெற்றவள், பாசிக்காரி, காற்று எங்கேயிருந்து திரும்பும் என்று தோலால் சொல்லத் தெரிந்தவள், ஆமைப் படம் போட்ட பட்டையைக் கட்டிக்கொண்டு அந்த கோவா அம்மா முன்னால் போய் நிற்கணுமா? வீட்டில் சொன்னபோது புருசன் கிளமெண்டும் சிரிக்கத்தான் செய்தான். “கை எட்டலன்னா விட்டுரு புள்ள. கால் எட்டுற வேலை ஏதாச்சும் பாப்பம்.” “ஒன் வாயி மட்டும் எப்பிடி மச்சான் எல்லாத்துக்கும் எட்டுது?” என்று சட்டியைக் கவிழ்த்தாள். அவன் கெட்டவன் இல்லை, அவன்தான் இன்றைக்கு வள்ளத்துக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறான். கெட்டவன் யாருமே இல்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள், அதனால்தான் இந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இருக்கட்டும். காட்டுகிறேன் இன்றைக்கு. மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பட்டம் எழும்புகிறது, பலகையில் கால் ஏறுகிறது, வலப்பக்கம் ஒரு ஓட்டம், திரும்பி இடப்பக்கம் ஒரு ஓட்டம். காற்றுத் தள்ளுகிறது. கம்பைத் தள்ளுகிறாள், கை நீள்கிறது, சிவப்பு வார் கைக்குள், ஒரு இழுப்பு, பட்டம் அடங்குகிறது. நிரஞ்சன் சார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார், நிற்கட்டும், ஈ போகட்டும். அப்புறம் அந்த அம்மா கையை அசைப்பாள், பாதுகாப்புப் பிடியை உருவு என்று. கட்டாயம் கேட்பாள், சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். உருவுவாள் பிரகாசி. உருவினதும் பட்டத்தின் இழுப்பு முழுக்க அந்த மெல்லிசுக் கயிறு ஒன்றுக்குப் போகும், கம்பு அந்தக் கயிற்றின் மேலே சர்ரென்று வழுக்கி ஓடும், மற்றக் கயிறெல்லாம் தொளதொளத்துப் பட்டம் தண்ணீரில் செத்து விழும். சர்ரென்று. போன மாதம் பாறை மேல் அந்தச் சத்தம் கேட்டதும்தான் உயிர் வந்தது. சர்ரென்று ஓடும். எங்கே ஓடும்? மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். உருவுகிறாள், மெல்லிசுக் கயிறு ஓடுகிறது, சர். கம்பின் நடு ஓட்டை வழியாக ஓடுகிறது. அந்த இடத்தில் மனசு முட்டிக்கொண்டு நின்றது, உள்ளே போகாத சாவி மாதிரி. குனிந்து கையில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். நடுக்கயிறு, அதோடு சேர்த்து வைத்து இறுக்கின மெல்லிசுக் கயிறு, மேலே தங்கூசி, நெருக்க நெருக்க. கோழி முட்டை. கோழி முட்டை அந்த ஓட்டைக்குள் எப்படிப் போகும்?

போகாது. ஓடாது. உருவினாலும் பட்டம் சாகாது. முழு விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும், சிப்பிப் பாறை தாண்டி, படகுத்துறைக் கட்டை தாண்டி, எது முட்டி நிறுத்துகிறதோ அது வரைக்கும். யாரும் செய்யாத வேலை. நிரஞ்சன் சார் செய்திருக்க மாட்டார், கோவா அம்மா செய்திருக்க மாட்டாள், சாக்லேட்டுக்குச் சிரித்த சென்னைக்காரிகூடச் செய்திருக்க மாட்டாள், அவர்களுக்கு முடிச்சே போடத் தெரியாது. முடிச்சுப் போடத் தெரிந்த கை ஒன்றுதான் இந்த முட்டாள்தனத்தைச் செய்யும். பாசியில் முடிச்சு அவிழாமல் இருந்தால் பிழைத்தாய், இங்கே ஓடாமல் நின்றால் செத்தாய். இவ்வளவு கயிற்றைச் சிக்கெடுத்தவளுக்கு, எது ஓடுகிற கயிறு எது நிற்கிற கயிறு என்று புதிதாய் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொடுத்தவளுக்கு, இது எப்படித் தெரியாமல் போயிற்று? கோபம். கோபம் கண்ணை மறைக்கும் என்று சொன்னால் பழமொழி என்று விட்டுவிடுகிறோம், காதையும் மறைக்கிறது, விரலையும் மறைக்கிறது. பல்லால் கடித்து இழுத்தாள். தங்கூசி உதட்டை அறுத்தது. தன்னையே திட்டினாள், தன் முடிச்சின் கெட்டியைத் திட்டினாள், இப்படி இறுக்கவா உன்னைப் பெற்றார்கள் என்று. பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு அப்பன் தோளில் கிடந்தது ஞாபகம் வந்ததும் விரல் நரம்பின் நுனியைத் தவறவிட்டது, தவறவிட்டால் முடிச்சு அவிழாது, அதனால் பிள்ளையை நினைக்காமல் நிரஞ்சன் சாரை நினைத்தாள். கோபம் வந்தது, கை நிதானப்பட்டது. கடைசிச் சுற்று கழன்று கயிறு தன் பழைய நீளத்துக்கு நீண்டு விழுந்தது. சிவப்பு வார் மறுபடியும் அக்கரைக்குப் போயிற்று.

வெளியே கீற்று படபடக்க ஆரம்பித்துவிட்டது. கறுப்பைக் கம்பியில் மாட்டினாள். குப்புற அடுக்கியிருந்த பெட்டியின் மேல் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மஞ்சளை எடுத்தாள். எடுக்கிறேன், சிரிக்கிறவன் சிரி. கையில் வைத்துப் பார்த்தால் அது பொம்மை இல்லை. கம்பு குட்டை, கம்பு ஓடுகிற நடுக்கயிறும் குட்டை, வாரும் அதற்கேற்ற கிட்டத்தில். ஓட்டம் குறைவு என்பதால் கம்பைத் தள்ளிக் குறைக்கிற விசையும் இதில் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே காற்று முற்றுவதற்கு முந்தியே வாரைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்ளணும், அது பெரிய காரியமில்லை, எட்டுகிற வாரை எப்போதும் இழுக்கலாம். குட்டைக் கம்பில் பெரிய பட்டம் சீக்கிரம் திரும்பாது, சரி, பெரிய பட்டம் எதற்கு? ஆம்பளைகள் பத்து சதுர மீட்டர்ப் பட்டம் விடுகிறார்கள் என்று இவளுக்கும் ஒன்பதைக் கொடுத்து அனுப்பினார்களே, இவள் எடை என்ன, அவர்கள் எடை என்ன? ஏழு மீட்டர் போதும் இந்த உடம்புக்கு, பறந்துவிடும் என்று சுவரோரத்திலிருந்து அதை உருவி வைத்தாள். அப்புறம் ஆமைப் பட்டை. இதுவரை கட்டினது இடுப்பில் நிற்காமல் விலாவுக்கு ஏறும், உள்ளே துண்டை மடித்துச் செருகினாலும் பட்டம் இழுக்கிற இழுப்பில் கொக்கி வயிற்றை விட்டு முன்னால் போய்விடும். கொக்கி முன்னால் போனால் கம்பும் வாரும் அதோடு சேர்ந்து இன்னும் தூரம். கை குட்டையாம்! பட்டை தொளதொளப்பு என்று யாராவது சொன்னார்களா? ஆமையை இடுப்பில் இறுக்கினாள். சிக்கென்று உட்கார்ந்தது, கொக்கி தொப்புளோடு ஒட்டிக்கொண்டது. கயிற்றைக் கொட்டகையின் நடுக்காலில் மாட்டி, கொக்கியில் பூட்டி, பட்டம் இழுப்பதாக நினைத்துப் பின்னால் சாய்ந்து தொங்கினாள். கம்பைத் தள்ளினாள். கடைசி வரைக்கும் தள்ளினாள். கம்பு போய் நின்றுவிட்டது, கை இன்னும் முடியவில்லை.

“பிரகாசி! விண்ட் வந்தாச்சு!” நிரஞ்சன் சார். வெளியே வந்தவளை அவர் மேலும் கீழும் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். உதடு சிரிக்கப் போயிற்று.

“இதைத்தான நான் போன வாரமே சொன்னேன்?”

“சொன்னீங்க சார். சிரிச்சிக்கிட்டு சொன்னீங்க. சிரிக்காம சொல்லியிருந்தா போன வாரமே எடுத்திருப்பேன்.”

அவர் ஒதுங்கி வழி விட்டார். பரீட்சைக்கு வந்த அம்மா பட்டையை இழுத்துப் பார்த்தாள், கம்பின் பிடியை உருவி மெல்லிசுக் கயிறு ஓடுகிறதா என்று பார்த்தாள், மறுபடி பூட்டினாள், தலையை ஆட்டினாள். ஆமையை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

தண்ணீருக்குள் எல்லாம் சீக்கிரம் நடந்தது. வலப்பக்க ஓட்டம், இடப்பக்க ஓட்டம், நடுவில் காற்று வழக்கம்போல் ஒரு தள்ளு. கம்பைத் தள்ளினாள், வாரைத் தொட்டாள், இழுத்தாள். பார்க்காமலே இழுத்தாள், முழங்கையில் ஒரு வளைவு மிச்சம் வைத்துக்கொண்டு இழுத்தாள். பட்டம் அடங்கியது. அந்த அம்மா கையை அசைத்ததும் பிடியை உருவினாள், கயிறு சர்ரென்று ஓடி, பட்டம் தண்ணீரில் படுத்தது. தூரத்தில் கட்டைவிரல் உயர்ந்தது. கரையில் நிரஞ்சன் சார் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். தேறிவிட்டாள். இப்போதாவது சிரிப்பு வரும் என்று பிரகாசி காத்திருந்தாள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிற்றைச் சுற்றிக்கொண்டே. வரவில்லை. இவ்வளவுதானா? ஒரு சாண். ஒரு சாண் கிட்டே கொண்டுவர இத்தனை நாளா? சித்திரையில் மதுரையிலிருந்து ஒரு அக்கா வந்தாளே, வங்கியில் வேலை, குள்ளம், உருண்டைக் கை, மூன்று நாள் கம்புக்கு எக்கி எக்கி விழுந்து, கடைசி நாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தைரியம் பத்தலம்மா, சின்ன வயசிலேருந்தே அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரகாசியும், ஆமாக்கா, தைரியந்தான் வேணும் என்றல்லவா சொன்னாள்? அவள் அதை மதுரைக்குக் கொண்டுபோயிருப்பாள், வீட்டில் சொல்லியிருப்பாள், இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள். பிரகாசி கயிற்றை வெடுக்கென்று சுற்றினாள். நம்பர் இருக்கிறது போனில். கரை ஏறினதும் முதல் வேலை அதுதான். வீட்டுக்குச் சொல்வதெல்லாம் அப்புறம். அக்கா, நான் பட்டக்காரி பிரகாசி பேசுறேன், ஒங்க தைரியத்துக்கு ஒண்ணும் இல்லக்கா, ஒங்களுக்குக் குடுத்த கம்புதான் தப்பு, கெளம்பி வாங்க, இந்தத் தடவ நான் எடுத்துத் தாரேன்.